பேச்சிமுத்துவின் இடது பக்கம்

முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்தில்தான் கால் வைக்க வேண்டும், பேசக் கூடாது, இருமல் வந்தால் துண்டை வாயில் பொத்திக்கொள்ள வேண்டும், எதைக் கண்டாலும் ஓடக் கூடாது என்று வனவர் நசீர் காலையில் முகாமில் சொன்னபோது, கடைசியில் சொன்னது மட்டும் என் முழங்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அது அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் சொல்கிறது, ஓடக் கூடாது, ஓடக் கூடாது. ஆறே முக்கால் மணி. இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதை, ஒன்றரை மணி நேரம், கண்ணில் படும் விலங்கையெல்லாம் எண்ணித் தாளில் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கெடுப்பு. முன்னால் வனக் காவலர் பேச்சிமுத்து போகிறார். காக்கிச் சட்டையின் முதுகில் ஏற்கெனவே வியர்வை ஒரு இலை அளவுக்குப் பரவிவிட்டது. அவருடைய இடது காது எனக்கு நேரே இருக்கிறது, என் கண் அதை விட்டு நகர மாட்டேன் என்கிறது, ஏனென்றால் அந்தக் காது நான் செய்தது. அவருடைய விலா எலும்பின் குருத்திலிருந்து வெட்டி எடுத்து, செதுக்கி, தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தேன். மேல் மடிப்பு கொஞ்சம் தடிப்பாகிவிட்டது. இன்றைக்குச் செய்திருந்தால் இன்னும் மெலிதாகச் செதுக்கியிருப்பேன். பத்து வருடம் கழித்துக் காட்டுக்குள் ஒரு மனிதனின் பின்னால் நடந்துகொண்டு அவன் காதில் குறை கண்டுபிடிக்கிறேன் பார், ஜெபமலர், உனக்கு வேறு வேலை இல்லையா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வேறு வேலை இருக்கிறது. பயப்படுகிற வேலை.

இருபத்திரண்டு வருடத்தில் பதினோரு முகம். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து கரடி கிழித்தவர்களை எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவருவார்கள். விறகுக்குப் போனவர், நெல்லிக்காய் பொறுக்கப் போனவள், விடியற்காலையில் கடலைக் காட்டுக்குக் காவல் போனவர். அழுக்கு வேட்டியால் முகத்தைச் சுற்றிக் கொண்டுவருவார்கள், அந்த வேட்டியைப் பிரிக்கிற அந்த ஒரு நிமிடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. நகம் மேலிருந்து கீழே இறங்கும். நெற்றியில் தொடங்கித் தாடையில் முடியும். புலி கழுத்தைத் தேடும் என்கிறார்கள், கரடி முகத்தைத் தேடுகிறது, எழுந்து நின்றால் அதன் முகத்துக்கு நேரே இருப்பது நம் முகம்தானே. அதனால் எனக்குக் காடு என்றால் என்ன? எழுந்து நிற்கிற பதினோரு கரடிகள். ரயிலில் போகும்போது தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அழகு என்பார்கள், நான் நூலும் ஊசியும் நினைப்பேன். பேச்சிமுத்து ஏழாவது முகம். ஏழு மணி நேரம் நின்றேன். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது அங்கே இருப்பது செயற்கைக் கண், நிறம் சரியாகப் பொருந்திவிட்டதால் பலருக்குத் தெரியாது. சிரித்தால் வாயின் வலது ஓரம் மட்டும்தான் மேலே போகும். அந்த முகத்தோடு எட்டு மாதத்தில் மறுபடி காட்டுக்குள் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்தது கோபம். நான் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் முள்வேலிக்குள் நுழைவதைப் பார்த்த கோபம்.

என் கால் பட்டு ஒரு காய்ந்த சுள்ளி முறிகிறது. பேச்சிமுத்து திரும்பவில்லை, கையை மட்டும் பின்னால் நீட்டி, பரவாயில்லை என்பதுபோல் ஆட்டுகிறார். சத்தம் போடக் கூடாது என்பது எண்ணிக்கைக்காக. ஆனால் சத்தம் போட்டுக்கொண்டு நடப்பதுதான் கரடிக் காட்டில் நல்லது, அது தூரத்திலேயே கேட்டு விலகிவிடும், கிட்டத்தில் போய்த் திடுக்கிட வைத்தால்தான் ஆபத்து என்றும் அதே நசீர்தான் சொன்னார். அப்படியானால் நாங்கள் இப்போது செய்வது என்ன? இரண்டு பேர் பூனைபோல் கரடியின் பக்கத்தில் போய் நிற்கப் பார்க்கிறோம். இந்த முரண்பாட்டை முகாமிலேயே நசீரிடம் கேட்டேன். சிரித்தார். "மேடம், இந்தச் சரகத்துல பன்னெண்டு வருஷமா கணக்கெடுப்பு நடக்குது. வந்தவங்க யாருக்கும் கரடியால ஒரு கீறல் கிடையாது. ஒருத்தருக்குக் குளவி கொட்டிச்சு. ரெண்டு பேர் பாறையில வழுக்கிக் கால் பிசகினாங்க. ஒரு தடவ ஜீப்புல வரும்போது மணல் லாரி எங்கள முடிச்சிருக்கும், நூலிழையில தப்பிச்சோம். நீங்க பயப்படணும்னா ஊருக்குத் திரும்பிப் போற ரோட்டுக்குத்தான் பயப்படணும்." லாரி மோதிய முகங்களையும் நான்தான் தைக்கிறேன், நசீர். அவை நூற்றுக்கணக்கில் இருக்கும், எண்ணியதுகூட இல்லை. ஆனாலும் லாரியைப் பார்த்தால் என் முழங்கால் பேசுவதில்லை. பயத்துக்குக் கணக்குத் தெரியாது போலிருக்கிறது. அல்லது தெரிந்தும் கேட்காது.

காலையில் முகாமில் தேநீர் குடிக்கும்போது பேச்சிமுத்துவிடம் கேட்டேன், இந்த வேலையில் இருக்கும் பதினெட்டு வருடத்தில் எத்தனை தடவை கரடியைப் பார்த்திருப்பீர்கள் என்று. அவர் தம்ளரை ஊதிக்கொண்டே யோசித்தார். "முந்நூறு தடவ இருக்கும்மா. அதுக்குக் கூடவும் இருக்கலாம். ஒரே ஒரு தடவதான் அது என்னயத் தொட்டிச்சு. அதும் எம்மேலதான் தப்பு, ஓடைத் திருப்பத்துல பாக்காமக் குதிச்சிட்டேன், அது தண்ணி குடிச்சிட்டு நின்னுச்சு." பிறகு அந்த ஒற்றை ஓரச் சிரிப்போடு சொன்னார், "நீங்க பதினோரு பேரத்தான பாத்தீய. கரடியப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்புனவன் உங்ககிட்ட எதுக்கு வரப்போறான்?" அது இன்னும் என் காதில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் பின்னம் சொல்லிக்கொடுத்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்றார்கள். நான் வாழ்நாள் முழுக்கத் தொகுதியை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே எத்தனை ஆயிரம் காலைகள், எத்தனை ஆயிரம் விறகுக்கட்டுகள், ஒன்றும் நடக்காமல் இறங்கி வந்து கஞ்சி குடித்தவர்கள் எத்தனை பேர், ஒருவரும் என் வாசலுக்கு வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை. அறிவுக்கு இது விளங்குகிறது. ஆனால் செண்பகவல்லிக்கு இதை எப்படிச் சொல்வேன்? பேச்சிமுத்துவின் மனைவிக்கு அந்தக் கோட்டுக்குக் கீழே எண்ணே கிடையாது. ஒரே புருஷன். ஒரே முகம்.

போன மாதம் அவள் தனியாக வந்திருந்தாள். புற நோயாளிகள் வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள், உடம்புக்கு ஒன்றும் இல்லை. "அவுகளுக்கு ஆபீசுல தகுதிச் சான்று கேக்காவம்மா. காட்டுக்குள்ள போகத் தகுதி உண்டுமா இல்லையான்னு டாக்டர் எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுதுத வேலை. நீங்க இல்லன்னு எழுதிருங்கம்மா. நீங்க குடுத்த மூஞ்சி அது. நீங்க சொன்னா அவுக கேப்பாக." கையைப் பிடித்துக்கொண்டாள், கையில் மஞ்சளும் வெங்காயமும் மணத்தது. மறுநாள் அவரே வந்தார். தாளை மேசையில் வைத்துவிட்டு, "அவ வந்திருப்பா, தெரியும். நீங்க இல்லன்னு எழுதுனாலும் சரிதாம்மா. ஆனா ஒரு நாள் எங்கூட உள்ள வந்து பாத்துட்டு எழுதுங்க" என்றார். அதனால்தான் வந்தேன். ஐம்பத்து மூன்று வயதில், வாங்கி இரண்டு நாளே ஆன பூட்ஸில், இடது சுண்டுவிரல் உரசி எரிய. எழுத வேண்டியது என்னவென்று வரும்போதே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கண் இல்லாதவர். காட்டுக்குள் வேண்டாம். இரண்டு வரி. ஆனால் இந்த மனிதர் நடப்பதைப் பார்க்கிறேன். சருகு கலையாமல், கிளை அசையாமல், ஒவ்வொரு இருபது அடிக்கும் நின்று மூக்கால் காற்றை வாங்கி, வேங்கை மரத்துப் பட்டையில் இருந்த ஒரு கீறலை எனக்குக் காட்டி, ஈர மண்ணில் மிளா மானின் குளம்படியைக் காட்டி. ஊரில் என் அறைக்குள் வரும்போது நாற்காலியில் இடித்துக்கொள்கிற பேச்சிமுத்து இல்லை இவர். இங்கே இவர் இடிப்பதே இல்லை. வெயில் இன்னும் கீழே வரவில்லை, மேலே இலைகளில் மட்டும் பட்டுக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு பறவை மூன்று சுரம் பாடி நான்காவதை மறந்துவிட்டு மறுபடி தொடங்குகிறது. எலுமிச்சைப்புல் மணம். நான் எப்போது கடைசியாக ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தேன்?

உறிஞ்சுகிற சத்தம். அறுவை அறையில் ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிற குழாய் இருக்குமே, தொண்டைக்குள் இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் சத்தம், அதேதான். ஒரு கணம் நான் அங்கேயே போய்விட்டேன், விளக்கு, பச்சைத் துணி, யாரோ ஆபரேஷன் முடியப்போகிறது என்கிறார்கள். பிறகு இங்கே குழாய் ஏது என்று உறைத்தது. பேச்சிமுத்து நின்றுவிட்டார். அவருக்கும் கேட்டிருக்கிறது. அவர் வலது பக்கம் பார்க்கிறார். தலையைச் சாய்த்து, வலது பக்கப் புதரைக் கூர்ந்து பார்க்கிறார், அங்கே ஒன்றும் இல்லை. இடது பக்கம் ஒரு கரையான் புற்று, அதன் அடியில் எரிந்துபோன மரக்குற்றி ஒன்று கருப்பாக, அதன் மேல் இரண்டு முண்டு. அந்தக் குற்றி மூச்சு விடுகிறது. முண்டுகளில் ஒன்று என்னைத் திரும்பிப் பார்க்கிறது. அதற்குக் கண் இருக்கிறது. சத்தம் அங்கிருந்துதான் வருகிறது, ஆனால் அவர் இன்னும் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓட வேண்டும் என்று என் உடம்பு முழுவதும் கேட்கிறது, தொடை கேட்கிறது, வயிறு கேட்கிறது, ஓடினால் அவர் முதுகும் முகமும் அங்கே தனியாக இருக்கும். என் கை தானாகப் போய் அவருடைய இடது தோளைத் தொட்டது. அவர் திடுக்கிடவில்லை. முழு உடம்பையும் மெதுவாக, கதவு திறப்பதுபோல் திருப்பினார். பார்த்தார். என்னைத் தன் பின்னால் தள்ளினார்.

அப்போது அது எழுந்து நின்றது. முதுகில் இருந்த இரண்டு குட்டிகளும் மயிரைப் பற்றிக்கொண்டு தொங்கின. எவ்வளவு பெரியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, விடியலுக்கு எத்தனை அகலம் என்று கேட்பதுபோல. நெஞ்சில் வெளுத்த பிறை. மூக்கெல்லாம் செம்மண். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மேல் வரிசையில் நடுவில் இரண்டு பல் இல்லை, பிறவியிலேயே இல்லாத இடைவெளி, அதன் வழியாகத்தான் இவ்வளவு நேரமும் கரையானை உறிஞ்சியிருக்கிறது, உதட்டை நீட்டிக் குவித்து, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு. என்ன வேலைப்பாடு! ஒரு வாயைப் பார்த்து நான் இப்படி நின்றதில்லை. கைகள் முன்னால் தொங்கின. நகம். அந்த நகம். வெள்ளையாக, லேசாக வளைந்து, என் நடுவிரல் நீளம். இருபத்திரண்டு வருடமாக அது எழுதியதைத்தான் வாசித்திருக்கிறேன், எழுதுகிற கையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதில் ஈர மண் ஒட்டியிருந்தது. அது மண் தோண்டுவதற்கான நகம், ஜெபமலர். முகத்துக்காக வளர்ந்ததில்லை. பிள்ளைகளுக்குப் புற்றைத் திறப்பதற்காக வளர்ந்தது.

பேச்சிமுத்து பேசத் தொடங்கினார். அடுப்படியில் இருப்பவரிடம் முற்றத்திலிருந்து பேசுகிற குரல். "நாங்கதான் தாயி. ஆளுகதான். ரெண்டு பேரு. வழி தெரியாம வந்துட்டோம். நீ தின்னு. நாங்க போறோம். இந்தா, போயிட்டே இருக்கோம்." பேசிக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தார். நானும் வைத்தேன். அவருடைய கை பின்னால் நீண்டு என் கையைத் தேடியது, பிடித்தேன், பழக்கத்தில் என் விரல் அவர் மணிக்கட்டின் நாடியில் போய் விழுந்தது. குதிரைபோல் ஓடிக்கொண்டிருந்தது. முந்நூறு தடவை பார்த்தவருக்கும், ஒரு தடவைகூடப் பார்க்காத எனக்கும் ஒரே நாடி. குரலில் மட்டும் ஒரு நடுக்கமும் இல்லை. இரண்டாவது அடி. அப்போது ஒரு குட்டி சறுக்கிக் கீழே விழுந்தது. விழுந்து, எழுந்து, தாயைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து வந்தது. இரண்டு எட்டு. மூன்று. தாய் ஒரே ஒரு தடவை ஊதியது, என் பல் வரைக்கும் அதிர்ந்தது. பேச்சிமுத்துவின் பேச்சு நின்றது. இதுதான், இனி நடக்கப்போவது நடக்கும், பன்னிரண்டு வருடமும் முந்நூறு தடவையும் இந்தக் குட்டிக்குத் தெரியாது. ஆனால் விசித்திரம், அந்த இடத்தில் என்னிடம் பயம் இல்லை. எங்கே போனது என்று தெரியவில்லை. கர்த்தாவே, என்று மட்டும் உள்ளே ஒரு சத்தம், அது காப்பாற்று என்று கேட்ட சத்தம் இல்லை. பார்த்தேன் என்று சொன்ன சத்தம். குட்டி ஒரு சருகை மோந்தது. தும்மியது. தன் தும்மலுக்குத் தானே பயந்து திரும்பி ஓடி, தாயின் பின்னங்கால் மயிரைப் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து, ஏணியில் ஏறுவதுபோல் ஏறி முதுகில் போய்ப் படுத்துக்கொண்டது. தாய் நான்கு காலில் இறங்கியது. எங்களை இன்னொரு தடவை முகர்ந்தது. பிறகு அவசரமே இல்லாமல், முதுகில் இரண்டு பிள்ளைகளும் ஆடி ஆடிப் போக, மரங்களுக்குள் நடந்து போனது. கடைசியாக அசைந்த புல் நிமிர்ந்து நிற்கும் வரைக்கும் நாங்கள் கையை விடவில்லை.

பேச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, நாங்கள் நின்ற இடத்திலிருந்து புற்று வரைக்கும் அடி எண்ணி நடந்தார். பதினான்கு. தாளில் எழுதினேன்: கரடி ஒன்று, குட்டி இரண்டு, ஏழு நாற்பது. என் எழுத்து யாரோ எழுதியதுபோல் இருந்தது. பிறகு கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "சத்தம் உங்களுக்கு எந்தப் பக்கம் கேட்டுச்சு?"

"வலது."

"அது இடது பக்கம் இருந்துச்சு."

"ஆமாம்மா." மண்ணைக் கிள்ளினார். "கொஞ்ச வருசமாவே அப்படித்தான். சத்தம் கேக்கும், எங்கன்னு பிடிபடாது. அவகிட்டகூடச் சொல்லல. இத எழுதிருவீயளா?"

அந்தக் காது நான் செய்தது. வெளியே மடிப்பு மடிப்பாக அழகாகச் செய்துவிட்டேன், உள்ளே துவாரம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது, நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அவருக்குச் சத்தம் கேட்டது, திசை தெரியவில்லை. எனக்குக் கண் தெரிந்தது, செய்ய வேண்டியது தெரியவில்லை. நான் மட்டும் வந்திருந்தால் ஓடியிருப்பேன். அவர் மட்டும் வந்திருந்தால் வலது பக்கம் பார்த்தபடியே, விலகுவதாக நினைத்து, இன்னும் நாலு எட்டு இடது பக்கம் நகர்ந்திருப்பார். "எழுதணும், பேச்சிமுத்து" என்றேன். "கண்ணு, காது ரெண்டையும் எழுதணும். தனியா போகக் கூடாதுன்னு எழுதுதேன். எப்பவும் இடது பக்கத்துக்கு ஒரு ஆள் கூட இருக்கணும். அப்படி ஆள் குடுத்தாத்தான் உள்ள போகலாம். இல்லன்னா கேட்டு வேலைதான். அடுத்த வாரம் வாங்க, காதுக்குள்ள என்னன்னு பாப்போம்." அவர் தலையாட்டினார். "நசீர் சார் ஆள் குடுப்பாரு" என்றார். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா பொய்யின்னு சொல்லுவா."

முகாமுக்கு மேலே ஒரு பாறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அவரே எண்ணை அழுத்திக் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். வெயில் இப்போது முழுவதுமாக இறங்கியிருந்தது. செண்பகவல்லியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. என்ன எழுதப்போகிறேன், ஏன் என்று சொன்னேன். நீ கேட்டபடி தகுதி இல்லை என்று எழுதவில்லை என்றும் சொன்னேன். மறுமுனையில் அழுகை இல்லை, கோபமும் இல்லை, குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, அதையும் அவள் நிறுத்தினாள். "அப்ப நீங்களும் பாத்துட்டீய" என்றாள்.

"பாத்தேன்."

"கிட்டத்துலயா?"

"பதினாலு எட்டு. குட்டியோட வந்திருந்துச்சு. ரெண்டு குட்டி. முதுகுல ஏத்திட்டுப் போச்சு."

இணைப்பு போய்விட்டதோ என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. மறுபடி வைத்தபோது அவள் மெல்ல, வேறு யாரோ கேட்பதுபோல், கேட்டாள்.

"முதுகுலயா?"